வெள்ளைக்காரரின் கைக்குட்டை

சாயப்பட்டறையில் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். ஆள் நல்ல கறுப்பு. அடுப்புக்கரியைத் தொட்டால் கையில் ஒட்டும், என்னைத் தொட்டால் ஒட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வேலையால் வந்த பெயர் அது. பட்டறையில் வெளுத்து வருகிற துணி உண்மையிலேயே வெளுத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. அவர் "வெள்ளை" என்றால் அந்த லாட் வண்டி ஏறும். உதட்டைப் பிதுக்கினால் மறுபடியும் தொட்டிக்குப் போகும். ஒரு தப்பும் செய்யாமல் அவர் மனைவிக்கும் வெள்ளைக்காரம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு அதில் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை.

பட்டறையின் மாடியில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் வரும். அதன் கீழே ஒரு நீள மேஜை. அந்த ஜன்னலும் மேஜையும்தான் அவருடைய ராஜ்யம். மற்ற ஆட்கள் ஈரத்திலும் ஆவியிலும் வெந்துகொண்டிருக்க, இவர் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்பார். கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லாமல் இருக்குமா? முதலாளியே படியேறி வந்து, "என்ன சொல்றீங்க?" என்று கேட்கிற ஆள் அந்தப் பட்டறையில் இவர் ஒருவர்தான்.

கண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை. காலையில் தூக்கக் கலக்கத்தில் பார்த்தால் ஒரு வெள்ளை, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வேறொரு வெள்ளை. அதனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை வைத்திருப்பார். அதில் முகம் துடைக்க மாட்டார், மூக்குச் சிந்த மாட்டார். துணியை மேஜையில் விரித்து, கைக்குட்டையை அதன்மேல் வைப்பார். கைக்குட்டை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போனால் அது வெள்ளை. தெரிந்தால் இல்லை.

கைக்குட்டையை வெள்ளைக்காரம்மா தினமும் வீட்டில் துவைத்துப் போடுவார். நைந்துபோனால், இவர் அந்தச் சமயத்தில் தான் தேர்ந்தெடுத்த நல்ல லாட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வருவார். அம்மா ஓரம் தைத்துக் கொடுப்பார். பழையது அடுப்படித் துணியாகிவிடும், புதியது பையில் ஏறும். பட்டறை தொடங்கிய காலத்திலிருந்து இதுதான் முறை. இதில் என்ன கோளாறு இருக்கிறது என்று நமக்குத் தோன்றவில்லை அல்லவா? அவருக்கும் தோன்றவில்லை.

பட்டறைக்குப் பின்பக்கத் தெருவில் அவர் வீடு. தெருக்கோடியில் ஒரு அடிபம்பு. அதையும் தாண்டினால் பட்டறையின் கழிவுத் தண்ணீர் தேங்குகிற குட்டை. அன்றைக்கு எந்தச் சாயமோ அன்றைக்குக் குட்டைக்கு அந்த நிறம். தெருப் பிள்ளைகள் கிழமை சொல்வதுபோல, "இன்னிக்குப் பச்சை, நேத்து ஊதா" என்று சொல்லிக்கொண்டே பள்ளிக்கூடம் போவார்கள். சுத்தம் செய்துதான் விடுகிறோம் என்று பட்டறை சொன்னது. சுத்தம் செய்த தண்ணீர் எப்படி ஊதாவாக இருக்கும் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது அந்தப் பட்டறைதானே.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பட்டறைக்குள் துணி வெளுக்க அந்த ஊர்த் தண்ணீர் ஆகாது. காலையில் டேங்கர் லாரியில் எங்கிருந்தோ நல்ல தண்ணீர் வந்து பெரிய தொட்டியில் இறங்கும். அந்த லாரி அடிபம்பை ஒட்டித்தான் போகும். குடத்தோடு நிற்கிற பெண்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

"துணிக்கு நல்ல தண்ணி, நமக்கு உப்புத் தண்ணி. அடுத்த பிறவியில துணியாப் பொறக்கணும்" என்பாள் எதிர்வீட்டு டைலர். வாய் கொஞ்சம் நீளம். நியாயமும் அந்த அளவுக்கு நீளம்.

முதலில் சந்தேகப்பட்டது வெள்ளைக்காரம்மாதான். "தண்ணி மாறிடுச்சுங்க" என்றார் ஒருநாள். "பருப்பு வேகவே மாட்டேங்குது. பால் காய்ச்சினா திரியுது. வாயில வச்சா துரு மாதிரி ஒரு வாடை."

"உனக்கு எதுலதான் வாடை இல்லை?" என்றார் இவர். ஆனாலும் தொழில்காரர் இல்லையா? கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து வரச்சொன்னார். வாசல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து, பின்னால் தன் கைக்குட்டையை வைத்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். "சுத்தம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"கண்ணுக்குச் சுத்தம். வாய்க்கு இல்லையே?"

"தண்ணியில ஒரு பொட்டு நிறம் இருந்தாக்கூட என் கண்ணுக்குத் தப்பாது. நான் யாருன்னு நெனச்சே?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் என்ன பேசுவது? மறுநாளிலிருந்து அம்மா இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு, ரயில் பாதையைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் குழாயில் போய் நல்ல தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார். அவர்கள் மகள் கைக்குழந்தையோடு அந்த வீட்டில்தான் இருந்தாள். பகலில் வேலைக்குப் போய்விடுவாள். பேத்திக்குப் புட்டிப்பால். அந்தப் பாலுக்கும் தன் வாய்க்கும் மட்டும் அம்மா தண்ணீர் சுமந்தார். "பக்கத்துலயே தண்ணி இருக்க, ஊரைச் சுத்துறா பாரு" என்று இவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டைலர் ஒரு மனு எழுதித் தெருவில் கையெழுத்து வாங்கக் கிளம்பியபோது, பாதிப் பேர், "வெள்ளைக்காரரே பார்த்துச் சுத்தம்னு சொல்லிட்டாரே" என்று கதவைச் சாத்தினார்கள். கண்ணுக்கு அப்படி ஒரு மரியாதை. டைலர் இவரிடம் வந்து, "அண்ணே, உங்களாலதான் என் மனு படுத்துடுச்சு" என்றபோது இவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மாவுக்கு முட்டி வீங்கிய நாட்களில் ரயில் பாதையைத் தாண்ட முடியவில்லை. அப்போதெல்லாம் தாத்தாதான் பேத்திக்குப் பால் கலந்தார், அடிபம்புத் தண்ணீரில். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன தண்ணி குடுக்கறீங்க?" என்று கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்தி, "சுத்தமான தண்ணிங்க, நானே பார்த்தது" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு வீங்கின முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு குடத்தைத் தூக்கிவிட்டார். குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. மருந்து கேட்டது என்றார் இவர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கடல் தாண்டிப் போன ஒரு லாட் அப்படியே திரும்பி வந்தது. புதிதாகப் பிடித்த கம்பெனி அது. 'இது வெள்ளை இல்லை' என்று ஒரே வரி எழுதி, தாங்கள் வெள்ளை என்று சொல்வது எது என்று காட்ட ஒரு அட்டையும் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

மேனேஜர் அவரைக் கீழே கூப்பிட்டார். அவர் கீழே போவது அபூர்வம். திரும்பி வந்த துணியை விரித்து, தன் கைக்குட்டையை மேலே வைத்தார். ஓரமே தெரியவில்லை.

"பாருங்க சார். ரெண்டும் ஒண்ணு. அவங்களுக்குக் கண்ணு தெரியல."

மேனேஜர் அந்த அட்டையை இரண்டுக்கும் நடுவில் வைத்தார். வைத்ததுதான் தாமதம், துணியும் கைக்குட்டையும் சேர்ந்து அழுக்காகின. டீ குடித்துக் குடித்துப் பழகிய பல்லின் நிறம். அதிலும் அடியில் எங்கோ ஒரு மங்கலான சிவப்பு.

"அவங்க அட்டையில நீலம் போட்டிருப்பாங்க சார்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். கண் போய்விட்டது என்ற பயம் பிடித்துக்கொண்டது. கண் போனால் ஜன்னல் போகும். ஜன்னல் போனால் அவர் யார்? வெறும் கறுப்பு ஆள். அம்மா பக்கத்தில் வந்து நின்று, என்ன என்று கேட்டு, முழுக் கதையையும் வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே போனார். டிரங்குப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது கையில் ஒரு நீலத்தாள் பொட்டலம். அவர் ஜன்னலுக்குப் போன முதல் வருஷம் வெட்டிக்கொண்டு வந்த முதல் கைக்குட்டை அது. புதுப் பெண்டாட்டி அதற்குப் பொடித்தையலாக ஓரம் அடித்தார். அடித்து முடித்ததும், இவ்வளவு அழகாக வந்ததைப் பையில் போட்டுக் கசக்க மனம் வராமல் பெட்டியில் வைத்துவிட்டு, வேறொரு துண்டை அவசரமாகத் தைத்து அவரிடம் கொடுத்திருந்தார். அவருக்கு இது அன்றுவரை தெரியாது.

நீலத்தாளைப் பிரித்துத் தரையில் விரித்து, அதன் பக்கத்தில் அவர் பையில் இருந்ததை உருவிப் போட்டார்.

கண் போகவில்லை. கண் நன்றாகத்தான் தெரிந்தது. இரண்டு துணியையும் யார் பார்த்தாலும் ஒன்று வெள்ளை, ஒன்று இல்லை என்று சொல்வார்கள்.

"நான் தினமும் இதை எந்தத் தண்ணியில துவைச்சேன்?" என்றார் அம்மா.

அவ்வளவுதான் கேட்டார். மிச்சத்தை இவரே கோர்த்துக்கொண்டார். பம்புத் தண்ணீர் கைக்குட்டையைத் துளித்துளியாக மங்க வைத்தது. மங்கிய கைக்குட்டையை வைத்து அவர் மங்கிய துணியை வெள்ளை என்றார். அந்தத் துணியிலிருந்தே அடுத்த கைக்குட்டையை வெட்டினார். அது இன்னும் மங்கியது. கோடைக்காலத்தில் டேங்கர் வராத நாளில் பட்டறைக்காரர்கள் தொட்டியில் அதே ஊர் போர்வெல் தண்ணீரைக் கலந்தபோதுகூட இவருக்கு வித்தியாசம் தெரியாமல் போனதற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு கைக்குட்டையும் முந்தியதைவிட ஒரு படி கீழே, ஒவ்வொன்றையும் அவரே தேர்ந்தெடுத்திருக்கிறார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். இவர் வெளுக்காததையே பால் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்த டம்ளர் நினைவுக்கு வந்தது. அந்தத் தண்ணீரைப் பார்க்க, அந்தத் தண்ணீரிலேயே ஊறிய கைக்குட்டையைப் பின்னால் வைத்துப் பார்த்திருக்கிறார். டம்ளருக்குப் பின்னாலேயே பேத்தியின் பால்புட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சை நிமிர்த்தியது வந்தது. அவர் இரண்டு கைக்குட்டைகளையும் விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். வயசான ஆம்பிளை அழுகிற மாதிரி, சத்தமாக, அசிங்கமாக.

அம்மா தேற்றவில்லை. "குழந்தை நல்லாத்தான் இருக்கு" என்றார். "இனிமே பாட்டில் மட்டும் நான் கலந்துக்கறேன். நீங்க தொடாதீங்க."

அந்தச் சொல் அவருக்கு மேனேஜர் சொன்னதைவிட அதிகமாக வலித்தது.

இதற்கிடையே படுத்த மனுவை டைலர் எப்படியோ எழுப்பி நிறுத்திவிட்டாள். தண்ணீரைப் பார்க்க ஒரு ஆபீசர் வருகிறார் என்று செய்தி வந்தது. மறுநாளே மேனேஜர் மாடியேறி வந்தார். குரலில் தேன் ஒழுகியது.

"நீங்க அந்தத் தெருவுலயே குடியிருக்கீங்க. அந்தத் தண்ணியத்தான் குடிக்கறீங்க. உங்க கண்ணு மேல எல்லாருக்கும் நம்பிக்கை. ஆபீசர் முன்னாடி தண்ணி சுத்தம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஏற்கனவே சொன்னதுதானே, புதுசாவா கேட்கறேன்? திரும்பி வந்த லாட்டை நான் பார்த்துக்கறேன். ஜன்னல் எப்பவும் உங்களுக்குத்தான்."

இவர் தலையை ஆட்டினார். ஆமா என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா என்று அவருக்கே தெரியாது. மேனேஜர் ஆமா என்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வீட்டில் சொன்னார். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "உங்க வாய், உங்க ஜன்னல்" என்றார்.

ஆபீசர் வந்த அன்று தெருவே பம்படியில் நின்றது. குட்டை அன்றைக்குப் பார்த்து எந்த நிறமும் இல்லாமல் சாதுவாகக் கிடந்தது. முதல் நாளே சாயத்தை நிறுத்திவிட்டார்கள். ஆபீசர் தானே பம்பை அடித்து, கண்ணாடி டம்ளரில் பிடித்து, வானத்தைப் பார்த்துத் தூக்கினார்.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையே."

"இவரைக் கேளுங்க சார்" என்று மேனேஜர் வெள்ளைக்காரரை முன்னால் தள்ளினார். "துணியில ஒரு இழை மங்கினாலும் கண்டுபிடிக்கற ஆளு. இங்கதான் குடியிருக்காரு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். டைலர் மட்டும் தரையைப் பார்த்தாள். அவர் ஆபீசர் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். பார்க்கவில்லை, பம்பு மேடையில் வைத்துவிட்டார். பையில் கைவிட்டு நீலத்தாள் பொட்டலத்தை எடுத்து, இரண்டு கைக்குட்டைகளையும் மேடையில் அடுத்தடுத்து விரித்தார்.

"டம்ளர்ல தெரியாது சார். எனக்கும் தெரியல. தெரியாம இவங்க எல்லார்கிட்டயும் சுத்தம்னு சொல்லிட்டேன். இது புதுசில பெட்டியில வச்சது. இது இந்தத் தண்ணியில துவைச்சது. ரெண்டும் ஒரே பட்டறைத் துணி."

"ஒரு துணியை வச்சு எப்படிச் சொல்ல முடியும்?" என்றார் மேனேஜர். தேன் வற்றிவிட்டிருந்தது. "வயசாயிடுச்சு சார் இவருக்கு. போன மாசம் ஒரு லாட்டையே கோட்டை விட்டாரு."

ஆபீசர் கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு தடவை நனைச்சா இப்படி ஆகுமா?"

"ஆகாது சார். தினமும் துவைச்சாத்தான் ஆகும்" என்றார் வெள்ளைக்காரர். "நாங்க தினமும் குடிக்கறோம்."

டைலர் சட்டென்று திரும்பித் தன் வீட்டுக்குள் போனாள். கொடியில் காய்ந்த தன் மகனின் பள்ளிக்கூடச் சட்டையை உருவிக்கொண்டு வந்து, அந்த முதல் கைக்குட்டையின் பக்கத்தில் போட்டாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அதை வெள்ளைச் சட்டை என்றுதான் நினைத்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரி தலையணை உறையோடு வந்தாள். ஒருத்தி குழந்தையின் தொப்பி, ஒருவர் தன் வேட்டி, ஒரு கிழவர் போட்டிருந்த பனியனையே கழற்றிவிட்டார். பம்பு மேடை நிறைந்து கீழேயும் துணி விழுந்தது. அந்தத் தெருவில் வெள்ளை என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே மங்கல், எல்லாவற்றுக்கும் அடியில் அதே சிவப்பு. தினமும் பக்கத்துப் பக்கத்துக் கொடியில் ஆடிய துணிகள்தான். ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதால் யாருக்கும் தெரியவில்லை.

ஆபீசர் இரண்டு கைக்குட்டைகளையும் ஒரு கவரில் போட்டு, ஒரு பாட்டிலில் தண்ணீரும் பிடித்து எடுத்துப்போனார். கைக்குட்டைகள் திரும்பி வரவேயில்லை. தண்ணீரைச் சோதித்த முடிவு மட்டும், டைலர் செருப்புத் தேய நடந்த பிறகு வந்தது. குடிக்க லாயக்கில்லை என்று வந்தது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். குட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது, பச்சையும் ஊதாவுமாக. அதை மூடச் சொன்ன உத்தரவு எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியாது. கிடைத்தது ஒன்றுதான். டேங்கர் தண்ணீர் இறங்குகிற தொட்டியிலிருந்து பட்டறைக் கேட்டுக்கு வெளியே ஒரு குழாய். காலையில் கொஞ்ச நேரம் திறந்து விடுவார்கள். துணி குடித்தது போக மிச்சம் மனிதருக்கு. அதற்கே தெரு திருவிழாபோலக் குடத்தோடு வரிசை கட்டியது.

வெள்ளைக்காரருக்கு ஜன்னல் போயிற்று. வேலையை விட்டு நிறுத்தினால் பேச்சு வரும் என்று கிடங்கில் துணி சுருட்டப் போட்டார்கள். அங்கே வெளிச்சம் குறைவு, எல்லாத் துணியும் ஒரே நிறமாகத்தான் தெரியும். ஜன்னலில் இப்போது அட்டையோடு வேறொருவர் நிற்கிறார். மாடிப்படியைத் தாண்டிப் போகும்போது இவர் தலை தானாக ஒருமுறை மேலே நிமிரும். இஸ்திரிச் சட்டை போடுவதையும் விட்டுவிட்டார்.

குழாய் வந்த முதல் நாள் வரிசையில் நின்றது அவர்தான். அம்மாவின் முட்டிக்கு ஓய்வு என்று இரண்டு குடத்தையும் அவரே பிடுங்கிக்கொண்டு போனார். "என்ன வெள்ளைக்காரரே, தண்ணி எப்படி, பார்த்துச் சொல்லுங்க" என்று வரிசையில் கிண்டல் பறந்தது. "சாயம் வெளுத்துப்போன ஆளை ஏன்யா கேக்கறீங்க" என்று அவரும் திருப்பிக் கொடுத்தார். சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

வீட்டில் குடத்தை இறக்கிவைத்து, டம்ளரில் மொண்டு, பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். மற்றக் கை சட்டைப் பையைத் தேடியது. பை காலி.

"பார்த்தது போதும்" என்றார் அம்மா. "குடிங்க."

குடித்தார். ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். மறுபடி குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலையே?"

"என்ன தெரியணும்?"

"ருசி. ஒரு ருசியும் இல்லையே."

"தண்ணி அப்படித்தாங்க இருக்கும்" என்றார் அம்மா. "மறந்துட்டீங்க."

உள்ளே பேத்தி பசிக்கு அழ ஆரம்பித்தாள். அம்மா பால்மாவு டப்பாவை எடுத்தார், கழுவிய புட்டியை எடுத்தார். எடுத்தவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு இரண்டையும் அவர் பக்கம் நகர்த்திவிட்டு, முட்டியை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"இந்தாங்க," என்றார். "நீங்களே கலந்து குடுங்க."